மூன்றடுக்குத் தோட்டத்து அரசி நூர்ஜஹான்

ஆக்ரா என்றதும் எல்லோர் உள்ளத்திலும் தோன்றுவது தாஜ்மஹால். வெண்பளிங்கால் ஆன அந்த மாளிகையையும் அதில் துயிலும் மும்தாஜ் மஹாலையும் அறியாதார் இலர். ஆனால் அந்த மும்தாஜுக்கு ஓர் அத்தை இருந்தார் என்பதும், யமுனையின் மறுகரையில் அவர் எழுப்பிய பளிங்குக் கல்லறையும் அவர் அழகுபடுத்திய தோட்டமும் இன்றும் இருக்கின்றன என்பதும் எங்களுக்கே சென்ற ஆண்டுவரை தெரியாது. பள்ளிச் சுற்றுலாவில் அவற்றைக் கண்டு வந்த நாங்கள், அவ்வம்மையாரின் வாழ்க்கை வரலாற்றை நம் ஆண்டு மலர் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். பாடநூலில் அவருக்குக் கிடைத்திருப்பது சில வரிகள்தாம். அவரோ சில வரிகளில் அடங்கக் கூடியவர் அல்லர்.

வையம்பட்டியிலிருந்து யமுனை வரை

வையம்பட்டி மழையை நம்பி வாழும் வறண்ட பூமி என்பது நம் பெற்றோர் அறிந்ததே. திருச்சிக்காரர்கள் காவிரியைப் பற்றிப் பெருமை பேசும்போது நாம் கிணற்றைப் பற்றித்தான் பேசுவோம். பொன்னணியாறு அணையில் நீர் நிற்கும் ஆண்டு நமக்குத் திருவிழா ஆண்டு. அப்படிப்பட்ட ஊரிலிருந்து முப்பத்தெட்டு மாணவியர், அருட்சகோதரியர் இருவர், ஆசிரியை ஒருவர் ஆகியோர் புறப்பட்டோம். திருச்சி வழியாகச் சென்னை சென்று, அங்கிருந்து இரண்டு இரவும் ஒரு பகலும் இரயிலில் பயணம் செய்து, விடியற்காலையில் ஆக்ராவில் இறங்கினோம். குளிர் எங்களை நடுங்க வைத்தது. கொண்டுபோன கம்பளிகள் எல்லாம் ஒரு நாளிலேயே உடம்பை விட்டு நீங்காத துணையாகிவிட்டன.

பயணத்தில் எங்கள் பசியைத் தீர்த்தது ஒரு பெரிய தகர டின் நிறைய வந்த மணப்பாறை முறுக்கு. அதைக் கொண்டு வந்தவள் எங்கள் தோழி ஒருத்தி. அவள் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதுவதற்கு மட்டும் அவளிடம் அனுமதி பெற்றிருக்கிறோம். அவள் ஆறாம் வகுப்பில் படிக்கும்போது தந்தை இறந்துவிட்டார். அன்று முதல் அவள் அம்மா முறுக்கு சுட்டு விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். பத்தாம் வகுப்போடு படிப்பு போதும், பெண்ணை வேலைக்கு அனுப்பு, இல்லாவிட்டால் கட்டிக் கொடு என்று உறவினர்கள் சொல்லி வந்தார்கள். சுற்றுலாப் பணத்தையும் அவள் அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்துத்தான் கட்டினார். இந்தச் செய்தியை இங்கே ஏன் சொல்கிறோம் என்பது கடைசியில் விளங்கும்.

ஆக்ராவில் முதல் காலையில் அக்பர் ஆலயம் என்று அழைக்கப்படும் பழைய கோவிலுக்குச் சென்று செபித்தோம். அக்பர் சக்கரவர்த்தி நிலமும் அனுமதியும் அளிக்க, இயேசு சபைக் குருக்கள் 1600ஆம் ஆண்டை ஒட்டி அங்கே முதலில் ஆலயம் எழுப்பினர். பின்னர் அது இடிக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்டது. அக்பரின் மகன் ஜஹாங்கீர் தம் அரண்மனைச் சுவர்களில் தேவமாதாவின் திருவுருவத்தையும் தீட்டச் செய்தவர் என்று அருட்சகோதரி கூறியபோது வியந்தோம். அதே காலத்தில், 1606ஆம் ஆண்டு, இராபர்ட் தெ நொபிலி அடிகளார் மதுரைக்கு வந்து தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். நம் திருச்சிச் சீமையை அப்போது நாயக்க மன்னர்கள் ஆண்டு வந்தனர். வடக்கே நடந்ததும் தெற்கே நடந்ததும் ஒரே காலம் என்பதை மனத்தில் கொண்டால் வரலாறு நமக்கு அருகில் வந்துவிடுகிறது.

பிறப்பும் இளமையும்

நூர்ஜஹானின் இயற்பெயர் மெஹருன்னிஸா. பெண்களின் கதிரவன் என்பது அப்பெயரின் பொருள். தந்தை கியாஸ் பேக், தாய் அஸ்மத் பேகம். இருவரும் பாரசீக நாட்டில் நல்ல குடும்பத்தில் பிறந்தவர்கள். காலம் மாறி வறுமை சூழ்ந்ததால், பிழைப்புத் தேடி இந்தியாவை நோக்கிப் புறப்பட்டார்கள். வழியில் கொள்ளையர் கையில் பொருளை இழந்தார்கள். 1577ஆம் ஆண்டு, காந்தஹார் நகருக்கு அருகில், அந்த நெடும்பயணத்தின் நடுவிலேயே மெஹருன்னிஸா பிறந்தார். வளர்க்க வழியின்றிப் பெற்றோர் குழந்தையைப் பாலையில் விட்டுச் சென்றதாகவும், பின் மனம் கேளாமல் திரும்பி வந்து எடுத்துக்கொண்டதாகவும் ஒரு கதை உண்டு. அது பிற்காலத்தார் கட்டிய கதை என்றே அறிஞர் கருதுகின்றனர். கதை எதுவாயினும், வீடு வாசல் இல்லாத வழியில் பிறந்த பெண் என்பது மட்டும் உண்மை.

கியாஸ் பேக் அக்பரின் அவையில் வேலைக்குச் சேர்ந்தார். தம் திறமையாலும் எழுத்து வன்மையாலும் படிப்படியாக உயர்ந்தார். பிற்காலத்தில் அரசின் தூண் என்று பொருள்படும் இத்திமாத் உத் தௌலா என்னும் பட்டத்தையும் பெற்றார். அவர் தம் மகளுக்குக் கல்வியை மறுக்கவில்லை. பாரசீகமும் அரபும் பாட்டும் ஓவியமும் அவர் கற்றார். அஸ்மத் பேகமும் அறிவுடைய பெண்மணி. ரோஜாப் பன்னீர் காய்ச்சும்போது மேலே படரும் எண்ணெய்ப் பசையைச் சேர்த்து அத்தர் எடுக்கும் முறையைக் கண்டவர் அவரே என்று ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அடுப்பருகே நிற்கும் பெண் கூர்ந்து நோக்கினால் அங்கேயும் அறிவியல் பிறக்கும் அல்லவா?

கணவனை இழந்த காலம்

1594ஆம் ஆண்டில், பதினேழு வயதில், மெஹருன்னிஸாவுக்குத் திருமணம் நடந்தது. கணவர் அலி குலி என்ற பாரசீக வீரர். ஷேர் அஃப்கன் என்ற பட்டம் பெற்றவர். வங்காளத்தில் பர்த்வான் என்னும் ஊரில் அவர்கள் வாழ்ந்தார்கள். லாட்லி என்ற ஒரே மகள் பிறந்தாள். 1607இல் வங்காளத்தின் ஆளுநர் ஷேர் அஃப்கனை விசாரிக்க வந்தபோது கைகலப்பு மூண்டது. ஆளுநரும் இறந்தார், ஷேர் அஃப்கனும் கொல்லப்பட்டார். மெஹருன்னிஸாவை மணப்பதற்காக ஜஹாங்கீரே இக்கொலையைச் செய்வித்தார் என்று நாடகங்களிலும் கதைகளிலும் சொல்லப்படுகிறது. ஆனால் அக்காலத்து ஆவணங்களில் அதற்குச் சான்று இல்லை. திருமணம் நடந்ததோ அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

முப்பது வயதில் கணவனை இழந்து, சிறு மகளுடன் ஆக்ராவுக்கு வந்தார் மெஹருன்னிஸா. அக்பரின் மனைவியருள் மூத்தவரான ருக்கையா பேகத்திற்குத் தோழியாக அரண்மனையில் பணி செய்தார். நான்கு ஆண்டுகள் இப்படிச் சென்றன. இந்த நான்கு ஆண்டுகளைப் பற்றிப் புத்தகங்கள் ஏதும் பேசுவதில்லை. எங்களுக்கோ அந்த மௌனமான ஆண்டுகள்தாம் மிகவும் பெரியவையாகத் தோன்றின. தலைவிதி என்று மூலையில் ஒடுங்கி இருந்திருந்தால் நூர்ஜஹான் என்றொருவர் உலகிற்குக் கிடைத்திருக்க மாட்டார்.

உலகின் ஒளி

1611ஆம் ஆண்டு, புத்தாண்டு விழாவை ஒட்டி ஜஹாங்கீர் மெஹருன்னிஸாவைக் கண்டார் என்பர். அவ்வாண்டு மே மாதம் திருமணம் நடந்தது. அப்போது அவருக்கு ஏறத்தாழ முப்பத்து நான்கு வயது. அக்காலத்தில் அந்த வயதில், அதுவும் ஒரு குழந்தைக்குத் தாயான கைம்பெண், சக்கரவர்த்தியின் அன்புக்குரிய அரசியானது சிறிய செய்தி அன்று. முதலில் அரண்மனையின் ஒளி எனப் பொருள்படும் நூர் மஹல் என்றும், 1616 முதல் உலகின் ஒளி எனப் பொருள்படும் நூர்ஜஹான் என்றும் பெயர் பெற்றார்.

ஜஹாங்கீர் கலைகளில் மனம் தோய்ந்தவர். பூவையும் பறவையையும் நுணுகி நோக்கித் தம் குறிப்பேட்டில் எழுதுபவர். ஆனால் மதுவுக்கும் அபினுக்கும் அடிமையானவர். உடல் நலம் குன்றி வந்தது. அவருடைய சுமையை நூர்ஜஹான் தம் தோளில் ஏற்றுக்கொண்டார். தம் பெயரால் அரசாணைகள் பிறப்பித்தார். அவருடைய பெயர் பொறித்த நாணயங்கள் அடிக்கப்பட்டன. முகலாயப் பேரரசிலே வேறு எந்த அரசிக்கும் இப்பெருமை கிட்டவில்லை. 1615இல் இங்கிலாந்தின் தூதராக வந்த சர் தாமஸ் ரோ, அரசியின் செல்வாக்கைத் தம் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். தந்தையும் சகோதரர் ஆஸஃப் கானும் அரசில் உயர் பதவிகளில் இருந்தார்கள். அதனால் ஆட்சி அவர் ஒருவர் கையில் இருந்ததா, குடும்பத்தார் கையில் இருந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

அவர் வாணிகமும் செய்தார். அவுரியும் துணியும் அவர் பொறுப்பில் விற்பனையாயின. வழிப்போக்கர் தங்கும் சத்திரங்களைக் கட்டினார். பஞ்சாபில் ஜலந்தருக்கு அருகே அவர் கட்டிய பெரிய சத்திரத்தால் அந்த ஊருக்கே நூர்மஹல் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஏழைப் பெண்கள் பலருக்குத் தம் செலவில் திருமணம் செய்து வைத்தார் என்றும் குறிப்பு உண்டு. வேட்டையிலும் அவர் இளைத்தவர் அல்லர். 1617இல் யானை மேல் அம்பாரியில் இருந்தபடியே ஆறு குண்டுகளில் நான்கு புலிகளை அவர் வீழ்த்தியதை ஜஹாங்கீர் பெருமையோடு எழுதியுள்ளார். இதைக் கேட்டதும் புலிகளுக்காக எங்களில் சிலர் வருந்தினோம். ஆடும் யானையின் மேலிருந்து குறி தவறாமல் சுடுவது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொண்டோம்.

மூன்றடுக்குத் தோட்டம்

இப்போது எங்கள் பயணத்திற்கு வருவோம். இரண்டாம் நாள் யமுனையைக் கடந்து மறுகரைக்குச் சென்றோம். அங்கே ராம் பாக் என்ற தோட்டம் இருக்கிறது. ஓய்வுத் தோட்டம் எனப் பொருள்படும் ஆராம் பாக் என்பதே நாளடைவில் ராம் பாக் என்று மருவியதாம். முகலாயர் ஆட்சியை இந்நாட்டில் நிறுவிய பாபர் 1528ஆம் ஆண்டையொட்டி அமைத்தது இது என்று சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் நூர்ஜஹான் இதைப் புதுப்பித்து, மண்டபங்கள் எழுப்பி, ஒளி தூவும் தோட்டம் என்ற பொருளில் நூர் அஃப்ஷான் எனப் பெயர் சூட்டினார். 1621இல் இது பொலிவுடன் விளங்கியது.

இத்தோட்டம் மூன்று அடுக்குகளாக அமைந்தது. மலைக்கோட்டையில் படியேறும்போது இடையிடையே சமதளம் வருமே, அதுபோல ஒவ்வோர் அடுக்கும் ஓர் அகன்ற சமதளம். ஆற்று நீரை மேல் அடுக்கிற்கு உயர்த்திவிட்டால் போதும். பின்னர் அது கல் வாய்க்கால்களில் ஓடி, அடுக்கின் விளிம்பில் சிற்றருவியாய் விழுந்து, கீழ் அடுக்கில் மீண்டும் ஓடும். எந்திரம் எதுவும் வேண்டாம். சரிவே வேலை செய்யும். நீர் ஓடும் வழியெல்லாம் செடிகள் நனையும், காற்று குளிரும், காதுக்கும் இனிமையாக இருக்கும். கோடையில் தங்குவதற்குத் தரைக்கடியில் அறைகளும் உண்டு.

நீரை மேலே ஏற்றியது எப்படி என்றுதான் எங்களுக்கு ஆவல். பாபர் ஆக்ராப் பகுதியில் கண்ட ஒரு முறையைத் தம் நூலில் விவரித்திருக்கிறார். பெரிய தோல் வாளியைக் கயிற்றில் கட்டி, உருளையின் மேல் போட்டு, மாட்டைப் பூட்டி இழுத்து நீர் இறைக்கும் முறை அது. கேட்டவுடன் எங்களில் பாதிப்பேர் ஒரே குரலில் கவலை என்றோம். மின்சார மோட்டார் வருவதற்கு முன் நம் ஊர்க் கிணறுகளில் கவலை இறைத்ததைப் பாட்டி தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறோம் அல்லவா? மணப்பாறை மாடு என்றால் நாடறியும். யமுனைக் கரையிலும் மாடுதான் பேரரசர்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தது. ஆனால் அந்த முறை பாபருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. கயிறு மாட்டின் சாணத்திலும் கோமியத்திலும் புரண்டு மீண்டும் கிணற்றுக்குள் இறங்குகிறதே என்று குறைப்பட்டிருக்கிறார். நம் தாத்தாமார் கேட்டால் சிரிப்பார்கள்.

நாங்கள் சென்ற அன்று வாய்க்கால்களில் தண்ணீர் இல்லை. கல் தொட்டிகளில் காய்ந்த இலைகள் கிடந்தன. தோட்டம் என்றதும் நீரூற்றும் மலர்ப் படுக்கையும் எதிர்பார்த்துப் போன எங்களுக்கு முதலில் ஏமாற்றமாகவே இருந்தது. அருட்சகோதரி எங்களை மேல் அடுக்கில் நிற்க வைத்து, தண்ணீர் எங்கே ஏறி, எங்கே திரும்பி, எங்கே விழுந்திருக்கும் என்று எங்களையே கண்டுபிடிக்கச் சொன்னார். நாங்கள் வாய்க்காலைப் பின்பற்றி மூன்று அடுக்கும் நடந்தோம். நடந்து முடித்தபோது எங்கள் கண்ணுக்குத் தண்ணீர் தெரிந்தது. வறண்ட ஊரில் பிறந்தவர்களுக்குத்தான் அது அவ்வளவு விரைவில் தெரியும் போலும்!

காஷ்மீரத்திலும் இத்தகைய அடுக்குத் தோட்டங்கள் பல உள்ளன. ஜஹாங்கீரும் நூர்ஜஹானும் கோடையில் அங்கே செல்வது வழக்கம். ஸ்ரீநகரின் ஷாலிமார் தோட்டத்தை ஜஹாங்கீர் 1619இல் அமைக்கத் தொடங்கினார். ஜீலம் நதி பிறக்கும் வெரிநாக் ஊற்றுக்கு எண்கோணக் குளம் கட்டினார். மலையடிவாரத்தில் ஊற்றுப் பெருகி வரும் அச்சபல் என்ற பழம்பெரும் ஊரின் அடுக்குத் தோட்டத்தை நூர்ஜஹான் அமைத்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அவருடைய சகோதரர் ஆஸஃப் கான் அமைத்த நிஷாத் தோட்டத்திற்குப் பன்னிரண்டு அடுக்குகள். அங்கெல்லாம் மலை தானே நீரைத் தருகிறது. ஆக்ராவிலோ மனிதர்களும் மாடுகளும் உழைத்து நீரை ஏற்ற வேண்டியிருந்தது. ஆகவே எங்களுக்கு ஆக்ராத் தோட்டமே பெரிதாகப் பட்டது.

மகள் கட்டிய கல்லறை

ராம் பாக்கிலிருந்து சிறிது தொலைவில், அதே கரையில், இத்திமாத் உத் தௌலாவின் கல்லறை இருக்கிறது. 1621இல் தாயும், சில மாதங்களில், 1622இன் தொடக்கத்தில், தந்தையும் இறந்தனர். பெற்றோர் இருவரையும் அடுத்தடுத்து இழந்த நூர்ஜஹான் 1622 முதல் 1628 வரை இக்கல்லறையைக் கட்டினார். தாஜ்மஹாலின் வேலை தொடங்கியது அதற்குப் பின்னரே. முழுவதும் வெண்பளிங்கு போர்த்தி, வண்ணக் கற்களைப் பதித்துப் பூவும் கனியும் மதுக்குடமும் தேவதாரு போன்ற மரமும் தீட்டினாற்போல் இழைத்திருக்கிறார்கள். பளிங்கையே வலைபோல் குடைந்த சாளரங்கள் வழியே வெளிச்சம் சல்லடையிட்டு விழுகிறது. தாஜ்மஹாலுக்கு வழிகாட்டிய கட்டடம் இதுவே என்று அறிஞர் கூறுவர். ஊரார் இதைக் குட்டி தாஜ் என்று அழைக்கிறார்கள். மூத்தது இதுவாயிருக்க, குட்டி என்ற பெயர் இதற்கு வந்தது வேடிக்கையே!

உள்ளே இரண்டு கல்லறைகள் அருகருகே உள்ளன. கட்டடம் பேரமைச்சரான தந்தையின் பெயரால் வழங்குகிறது. ஆனால் சரியாக நடுவில் இருப்பது தாய் அஸ்மத் பேகத்தின் கல்லறை, தந்தையினுடையது பக்கத்தில். தாய் முன்னே இறந்ததால் அப்படி அமைந்தது என்று சொல்கிறார்கள். தாஜ்மஹாலிலும் மும்தாஜே நடுவில், ஷாஜஹான் பக்கத்தில். அந்த அறையில் பேச்சு எழவில்லை. முன்னே சொன்னோமே, அந்தத் தோழி மட்டும் வெகு நேரம் அங்கேயே நின்றாள். வெளியே வந்து, அம்மா நடுவில் இருக்கிறார் என்று மட்டும் சொன்னாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. அவள் யாரை நினைத்தாள் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

வீழ்ச்சி

புகழுரை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது என்று எங்கள் ஆசிரியை அடிக்கடி சொல்வார். ஆகவே நூர்ஜஹானின் குறைகளையும் எழுதுகிறோம். அதிகாரம் தம் குடும்பத்தை விட்டுப் போகக் கூடாது என்று அவர் விரும்பினார். 1621இல் தம் மகள் லாட்லியை ஜஹாங்கீரின் இளைய மகன் ஷஹ்ரியாருக்கு மணம் செய்து வைத்தார். ஷஹ்ரியாரை உயர்த்த முனைந்தபோது, திறமை மிக்க மற்றொரு மகனான குர்ரம், அதாவது பிற்காலத்து ஷாஜஹான், அவருக்குப் பகையானார். 1622இல் பாரசீகர் காந்தஹாரைக் கைப்பற்றினர். அதை மீட்கப் போக மறுத்துக் குர்ரம் கலகம் செய்தார். சில ஆண்டுகள் நாடே அல்லல் உற்றது.

1626இல் மஹாபத் கான் என்ற தளபதி ஜீலம் ஆற்றங்கரையில் சக்கரவர்த்தியையே சிறைப்பிடித்துவிட்டார். தப்பித்து மறுகரைக்குச் சென்ற நூர்ஜஹான் படையைத் திரட்டினார். யானை மேல் ஏறி ஆற்றில் இறங்கிப் போரிட்டார். அம்பாரியில் அவருடன் கைக்குழந்தையாக இருந்த பேத்தியும் செவிலியும் இருந்தனர். அம்பு பாய்ந்து காயமுண்டானபோது, அவரே அதைப் பிடுங்கி எறிந்து கட்டுப் போட்டாராம். ஆற்று வெள்ளமும் எதிர்ப்பும் மிகுந்ததால் அன்று வெற்றி கிட்டவில்லை. உடனே அவர் தாமாகவே சென்று கணவருடன் சிறையில் சேர்ந்துகொண்டார். பின்பு பொறுமையாக, ஒவ்வொருவராகத் தம் பக்கம் சேர்த்து, சில மாதங்களில் தம்மையும் கணவரையும் விடுவித்துக்கொண்டார். வாளால் முடியாததை அறிவால் முடித்தார்.

1627 அக்டோபரில் காஷ்மீரத்திலிருந்து திரும்பும் வழியில் ஜஹாங்கீர் உயிர் நீத்தார். அதோடு நூர்ஜஹானின் காலமும் முடிந்தது. உடன்பிறந்த அண்ணன் ஆஸஃப் கானே அவருக்கு எதிராக நின்றார். ஏனெனில் ஷாஜஹான் ஆஸஃப் கானின் மருமகன், மும்தாஜின் கணவர். ஷஹ்ரியார் தோற்று, 1628இன் தொடக்கத்தில் கொல்லப்பட்டார். தாயைப் போலவே மகள் லாட்லியும் இளமையில் கைம்பெண் ஆனாள்.

இந்த இடத்தில் எங்களிடையே பெரிய விவாதம் நடந்தது. தம் வாழ்வைத் தாமே நிமிர்த்திக்கொண்ட அன்னை, தம் மகளின் வாழ்வை மட்டும் அரசியல் காயாக நகர்த்தியது சரியா? மகளின் விருப்பத்தை அவர் கேட்டாரா? அக்காலத்து வழக்கம் அது என்று சிலர் சொன்னோம். வழக்கத்தை மீறித் தாம் உயர்ந்தவர், மகளுக்காகவும் மீறியிருக்கலாமே என்று வேறு சிலர் சொன்னோம். விவாதம் இரயிலில் நாக்பூர் வரை நீடித்தது, முடிவு கிட்டவில்லை.

இறுதி நாட்கள்

ஷாஜஹான் அவருக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம் ரூபாய் உதவித்தொகை அளித்தார். நூர்ஜஹான் லாட்லியுடன் லாகூரில் அமைதியாக வாழ்ந்தார். அரசியலில் மீண்டும் தலையிடவில்லை. பதினெட்டு ஆண்டுகள் அப்படிக் கழிந்தன. 1645 டிசம்பர் 17ஆம் நாள் மறைந்தார். லாகூரை அடுத்த ஷாஹ்தராவில், தாமே தமக்கெனக் கட்டிய எளிய கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அருகிலேயே மகள் லாட்லியின் கல்லறையும் உண்டு. பிற்காலத்துக் குழப்பங்களில் அதன் பளிங்குகள் பெயர்த்து எடுக்கப்பட்டன. ஆங்கிலேயர் காலத்தில் ஜஹாங்கீரின் கல்லறைக்கும் அவருடையதற்கும் இடையே இரயில் பாதை போடப்பட்டது. இணைபிரியாத இருவருக்கிடையே இன்று இரயில் ஓடுகிறது. 1947க்குப் பின் லாகூர் பாகிஸ்தானில் இருப்பதால் அவ்விடத்தை நாம் எளிதில் காண இயலாது. பிறந்தது இன்றைய ஆப்கானிஸ்தானில், ஆண்டது இந்தியாவில், அடங்கியது பாகிஸ்தானில். மூன்று நாடுகளுக்கும் உரியவர் அவர்.

ஊர் திரும்பினோம்

ஊர் திரும்பியதும் எல்லோர் வீட்டிலும் தாஜ்மஹாலைப் பற்றித்தான் கேட்டார்கள். எங்கள் தோழி மட்டும் முறுக்கு பிழிந்துகொண்டிருந்த தன் அம்மாவிடம் நூர்ஜஹானின் கதையை முழுவதும் சொல்லியிருக்கிறாள். கல்லறை நடுவில் இருந்த தாயைப் பற்றியும், அந்தத் தாய் பன்னீர்ச் சட்டியின் மேல் அத்தர் கண்டதைப் பற்றியும் சொல்லியிருக்கிறாள். லாட்லியைப் பற்றியும் மறைக்கவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தாராம். கடைசியில், அந்தப் பிள்ளையை யாராவது கேட்டார்களா என்று மட்டும் விசாரித்தாராம். இல்லை என்றாள் தோழி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் அம்மா கன்னியர் மடத்து வாசலில் நின்றார். பதினோராம் வகுப்பில் சேர்க்க என்னென்ன வேண்டும் என்று அருட்சகோதரியிடம் கேட்டுச் சென்றார். உறவினர்கள் இன்னும் இசையவில்லை. தேர்வு முடிந்து கோடை வந்தால்தான் எது நடக்கும் என்பது தெரியும். எங்கள் செபங்களில் அவளுக்கு ஓரிடம் உண்டு. இதை வாசிக்கும் பெற்றோரே, உங்கள் வீட்டிலும் பத்தாம் வகுப்பை முடிக்கும் மகள் இருந்தால், முடிவெடுக்கும் முன் அவளையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று பணிவோடு வேண்டுகிறோம்.

மேல் அடுக்கிற்கு நீரை ஏற்றுவதுதான் கடினம். ஏற்றிவிட்டால் அது தானே கீழிறங்கி எல்லா அடுக்கையும் நனைக்கும். வழியில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு அவள் தந்தையும் தாயும் கல்வி என்னும் நீரை ஏற்றிக் கொடுத்தார்கள். நானூறு ஆண்டுகள் கழித்து வையம்பட்டியில் ஒரு முறுக்கு அடுப்பின் பக்கத்திலும் அது பாய்ந்திருக்கிறது. இறைவன் அருளால் அடுத்த ஆண்டு செல்லும் தங்கைகள், தாஜ்மஹாலைக் கண்டபின் யமுனையையும் கடந்து சென்று வருவார்களாக!

பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி